டாஷண்டா, ஸ்பிட்ஸா, நாட்டுக்குட்டியா? முதலில் வீட்டுப் படியை எண்ணுங்கள்

டாஷண்ட் குட்டியை மடியில் வாங்கிப் பார்த்தவர் வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம். முகத்தைவிடப் பெரிய காது, விரல் நீளத்துக்குக் கால், நடந்தால் பின்பாதி தனியாக வருவது போல ஒரு ஆட்டம். ஆகவே மடியில் வாங்குவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது. வேலூர்ப் பக்கம் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: “சின்ன நாயா வேணும், வீட்டுக்குள்ளயே வளரணும். டாஷ் வாங்கலாமா, பொமரேனியனே போதுமா?” நடுவில் யாராவது ஒருவர், “தெருவுல அஞ்சு குட்டி கிடக்குது, அதுல ஒண்ண எடுத்தா என்ன?” என்பார். மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். குட்டியின் விலையையும் முகத்தையும் வைத்து முடிவு செய்தால்தான் தப்பாகிறது.

## எதை வைத்துப் பார்ப்பது

படி. சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், தோட்டப்பாளையம் என்று எங்கே பார்த்தாலும் கீழே ஓனர், மேலே வாடகை போர்ஷன். மாடிக்குப் பதினெட்டுப் படி என்று வைத்துக்கொள்வோம். நாயை ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே விட வேண்டும். ஏறி இறங்க 144 படி. வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டும். நெட்டைக் கால் நாய்க்கு இது உடற்பயிற்சி. டாஷண்டுக்கு இது முதுகுத் தேய்மானம்.

வெயில். ‘வெயிலூர்’ என்று நாமே கிண்டல் செய்துகொள்ளும் ஊர். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடுகின்றன. சிமென்ட் ரோடு மாலை ஏழு மணிக்கும் கொதிக்கும்.

ஆள். வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் நாய் தனியாகக் கிடக்கும். ஆஸ்பத்திரி ஷிப்ட், காலேஜ் வேலை என்று இருவருமே வெளியே போகும் வீடுகள் இந்த ஊரில் நிறைய.

சத்தம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நாயை வெளியேற்றச் சொல்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பின்செலவு. குட்டியின் விலை ஒரு தடவை. அதற்கப்புறம் பன்னிரண்டு, பதினாலு வருஷம் இருக்கிறது.

| | டாஷண்ட் | ஸ்பிட்ஸ் (நாம் சொல்லும் ‘பொமரேனியன்’) | நாட்டு நாய் |
|---|---|---|---|
| வளர்ந்த எடை | மினி 5 கிலோவுக்குள், ஸ்டாண்டர்டு 7–15 கிலோ | பெரும்பாலும் 5–8 கிலோ | பெரும்பாலும் 12–20 கிலோ |
| மாடிப்படி | கூடாது, தூக்கித்தான் இறக்க வேண்டும் | அளவோடு ஏறலாம் | கவலையில்லை |
| மே மாத வெயில் | நடுத்தரம், தரைச் சூடு வயிற்றில் அடிக்கும் | சிரமம் | மூன்றில் சிறந்தது |
| குரைப்பு | கனத்த குரல், அடிக்கடி | கீச்சுக் குரல், ஓயாமல் | காரணம் இருந்தால் |
| முடி வேலை | வாரம் ஒரு துடைப்பு | வாரம் மூன்று சீவல் | கிட்டத்தட்ட இல்லை |
| பெரிய பின்செலவு | முதுகு | முடி, பல், மூச்சுக்குழாய் | முதல் ஆறு மாத நோய்கள் |

## டாஷண்ட்

ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் வளைக்கரடி (பேட்ஜர்), ‘ஹுண்ட்’ என்றால் நாய். வளைக்குள் புகுந்து, இருட்டில், தன்னைவிட முரட்டு விலங்கோடு தனியாக மல்லுக்கட்டுவதற்காக உருவாக்கிய நாய் இது. இதன் குணம் முழுக்க அந்த வேலையிலிருந்து வந்ததுதான். பூமிக்கு மேலே நிற்கும் எஜமானனுக்குக் கேட்கட்டும் என்று பெரிய நாயின் குரல். யாரும் சொல்லாமலே உள்ளே முடிவெடுக்க வேண்டியிருந்ததால், கூப்பிட்டால் உடனே வராத பிடிவாதம். மண்ணைக் கண்டால் தோண்டும் கை. சோபாவில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துப் பொம்மை நாய் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஆறாம் மாதம் திரும்பக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள்.

வேலூரில் கிடைப்பது பெரும்பாலும் வழுவழு முடி வகை. நீள முடி, கம்பி முடி வகைகளும் உண்டு. இந்த வெயிலுக்கு வழுவழு முடிதான் வசதி. ‘மினியேச்சர்’ என்று சொல்லி விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். நாற்பது நாள் குட்டியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பிய முறையில் நாய் வளர்ந்த பிறகு மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்துதான் எந்த வகை என்று சொல்வார்கள். தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்து எடை கேட்பதுதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே அளவுகோல்.

முதுகு. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் நகல் ஒன்று இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வந்ததுதான் குட்டைக் கால் என்று 2009-ல் தெரிந்தது. பன்னிரண்டாம் குரோமோசோமில் இருக்கும் இன்னொரு நகல் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டைக் கெடுக்கிறது என்று 2017-ல் தெரிந்தது. ஜெல்லி போல இருக்க வேண்டிய தட்டு, இந்த இனத்தில் ஒரு வயதுக்குள்ளேயே காய்ந்து, சுண்ணாம்பு ஏறத் தொடங்கிவிடும். பிறகு ஒரு நாள் கட்டிலிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். நாலைந்து டாஷண்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு அளவில் இந்தக் கோளாறு வருகிறது. பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள்.

அறிகுறி சத்தமில்லாமல்தான் ஆரம்பிக்கும். நேற்றுவரை சோபாவில் ஏறிய நாய் இன்று கீழே நின்று பார்க்கும். முதுகு வில்லாக வளையும். தூக்கினால் கத்தும். ஒரு சின்ன சோதனை உண்டு: நாயை நிற்கவைத்து, வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாங்கி, பின்கால் பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் நொடியில் பாதத்தைத் திருப்பி ஊன்றும். அப்படியே மடங்கி நின்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பின்கால் இழுபட்டாலோ, மூத்திரம் போக முடியாமல் இருந்தாலோ மணிக்கணக்குதான். கால்விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத கட்டத்துக்குப் போய்விட்டால், ஆபரேஷன் செய்தும் பாதி வாய்ப்புதான்.

இந்த இடத்தில் நம்மூரில் நடக்கும் தப்பு இரண்டு. ஒன்று, எண்ணெய் தேய்த்து நீவி விடுவது. பிதுங்கிய தட்டு இன்னும் பிதுங்கும். இரண்டு, வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது. நாயின் குடல் புண்ணாகி ரத்தம் போகும், சிறுநீரகம் கெடும். டாக்டர் அதன்மேல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் இன்னும் மோசம். ஆகவே ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லேசான கட்டமாக இருந்தால் மருந்தோடு நாலிலிருந்து ஆறு வாரம் கூண்டு ஓய்வு: திரும்பிப் படுக்கிற அளவு இடம், மூத்திரத்துக்கு மட்டும் கையில் தூக்கிப் போய்வருவது. நாலாம் நாளே நன்றாக நடக்கும், பாவமாகப் பார்க்கும், நாம் அவிழ்த்துவிடுவோம். மறுபடி விழும்.

எக்ஸ்ரே உள்ளூரிலேயே எடுக்கலாம். ஆனால் தட்டு எங்கே அழுத்துகிறது என்பது எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி., ஆபரேஷன் என்று வந்தால் பெரும்பாலும் சென்னைப் பயணம்தான். படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டிக்கு நூற்றி நாற்பது கிலோமீட்டர் வாடகை, அங்கே தங்கல், ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. குட்டி விலையின் பல மடங்கு. இந்தப் பணத்தை ஒதுக்கிவைக்க முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தடுப்பதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பக்கத்துக்கடியில், முதுகு தரைக்குச் சமமாக. முன்கால் கக்கத்தில் பிடித்துக் குழந்தை போலத் தூக்கவே கூடாது. சோபா, கட்டிலுக்குச் சாய்வுப் பலகை: உயரத்தைப்போல மூன்று மடங்கு நீளம். 45 செ.மீ. சோபாவுக்கு 135 செ.மீ. பலகை, அகலம் 30 செ.மீ., மேலே ரப்பர் மேட்டை ஒட்டுங்கள். டைல்ஸ், கிரானைட் தரையில் நாய் நடக்கும் பாதையில் மேட் விரியுங்கள். வழுக்கி இடுப்பு திருகுவதும் குதிப்பது போலத்தான். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனை ஒரு வயதுக்கு முன் செய்யாதீர்கள். சீக்கிரம் செய்த டாஷண்டுகளுக்குத் தட்டுக் கோளாறு கூடுதலாக வந்ததாக 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு சொல்கிறது.

எடைதான் பெரிய எதிரி. ஐந்து கிலோ நாய் ஒரு கிலோ கூடினால், அறுபது கிலோ மனிதர் பன்னிரண்டு கிலோ கூடின கணக்கு. ஐந்து கிலோ டாஷண்டுக்கு நாள் முழுவதற்கும் சுமார் 350 கலோரி போதும். உலர் தீனியில் அது 90–100 கிராம், ஒரு தம்ளர் அளவுதான். காலையில் பாட்டி பாசமாகப் போடும் இரண்டு இட்லி அதில் கால் பங்கு. இட்லி போட்டால் தீனியைக் குறைக்க வேண்டும், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மட்டும் எந்த நாய்க்கும் வேண்டாம். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், கொழுப்பு கணையத்தைத் தாக்கும்.

எலி, பாம்பு. பாலாற்றங்கரை, மலையடிவாரம், காலிமனை பக்கத்தில் வீடு என்றால் டாஷண்ட் தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும். பெருச்சாளியைத் துரத்துவது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வரும் தடுப்பூசியாகப் போடுங்கள், தெருவில் யாராவது எலி கேக் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செத்த எலியைத் தின்றாலும் அந்த விஷம் நாய்க்கு ஏறும். பாம்பைக் கண்டால் இது ஒதுங்காது, மூக்கை நீட்டும். கேட்டுக்கு அடியில் பத்து செ.மீ. சந்து இருந்தாலே குட்டி வெளியே போய்விடும்.

கடி. இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 2008-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஆயிரக்கணக்கான வளர்ப்போரிடம் கேட்டுச் செய்த ஆய்வில், வெளியாள்மேலும் சொந்த வீட்டார்மேலும் பாய்வதில் முன்வரிசையில் வந்த இனங்களில் டாஷண்டும் ஒன்று. முதுகு வலியை மறைத்துக்கொண்டிருக்கும் நாயைக் குழந்தை இடுப்பில் பிடித்துத் தூக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது வேண்டாம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

மற்றபடி, முதியவர் பகலில் வீட்டிலிருக்கும் தரைத்தள வீடு, கொஞ்சம் மண் உள்ள காம்பவுண்டு, கண்டிப்பான கை: இங்கே டாஷண்டுக்கு நிகர் கிடையாது. ஒரே ஆளை ஒட்டிக்கொண்டு பதினாலு வருஷம் வாழும். நடைக்கு அரை மணி போதும். வழியில், “இன்னாபா, ரெண்டு நாய ஒட்டவெச்ச மாதிரி கீது” என்பதை மட்டும் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

## ஸ்பிட்ஸ்

நாம் பொமரேனியன் என்று கூப்பிடுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்றரை கிலோவைத் தாண்டாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் தாய் நாயை எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாடி போர்ஷனுக்கு இது டாஷண்டைவிடச் சரி. கால் உடலுக்கு ஏற்ற நீளம், படி ஏறும், முதுகுப் பயம் இல்லை. சொல்வதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மூத்திரப் பழக்கம் டாஷண்டுக்கு ஆறு மாதம் இழுத்தால் இதற்குப் பாதி நாளில் வந்துவிடும். டாஷண்ட் மழைநாளில் வயிறு ஈரமாகும் என்று வாசலைத் தாண்டாமல் கூடத்திலேயே போய்விடும். அந்தத் தொல்லையும் இதில் குறைவு.

தொல்லை முடியில் இருக்கிறது. வெளிமுடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. வாரம் மூன்று நாள் வேர்வரை சீவாவிட்டால் காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சடை பிடிக்கும், உள்ளே உண்ணி குடியேறும், பார்த்தால் தெரியாது. மே மாதம் பாவம் என்று மொட்டை அடித்துவிடுகிறார்கள். அந்த முடி சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதே இல்லை, வெறும் தோலில் வெயில் நேராக அடிக்கும். வயிறும் பின்தொடையும் மட்டும் ட்ரிம் செய்யலாம், முதுகை விட்டுவிட வேண்டும். பகல் பதினொன்றிலிருந்து ஐந்துவரை ஃபேனுக்கடியில், ஈரத் துணி விரித்த தரையில். கரண்ட் போகும் நேரத்துக்கும் வழி வேண்டும். ஓயாமல் மூச்சிரைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிலும் ஊற்றிக்கொண்டே, காற்று படும்படி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பல்லில் காரை சீக்கிரம் படியும். வாரம் சில நாளாவது பல் தேய்க்காவிட்டால் ஆறேழு வயதில் மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்யும் செலவு வரும். வாத்து கத்துவது போல இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம், கழுத்துப் பட்டையை அன்றே கழற்றிவிடுங்கள். குரைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பால்காரர், பேப்பர் பையன், எதிர் வீட்டுப் பூனை எல்லோருக்கும் உண்டு.

## நாட்டு நாய்

மூன்றில் இந்த ஊர் வெயிலுக்குப் பிறந்தது இது ஒன்றுதான். குட்டை முடி, நெட்டைக் கால், ஒல்லி வயிறு. வளர்த்துவிட்டால் டாக்டர் பக்கம் போவது வருஷத் தடுப்பூசிக்கு மட்டும் என்ற வீடுகள் ஏராளம்.

‘இலவசம்’ என்ற சொல்தான் ஏமாற்றும். தெருக்குட்டியின் முதல் ஆறு மாதம்தான் அதன் விலை. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தபேதியும் வாந்தியுமாக இரண்டே நாளில் போய்விடும். தினமும் ட்ரிப் ஏற்றிக் காப்பாற்றும் செலவு ஒரு ஜாதிக் குட்டியின் விலையைத் தொடும். ஆகவே எடுத்த அன்றே குடற்புழு மருந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பதினாறு வாரம்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று, மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி. கடைசி ஊசி முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் இரண்டு வாரம் தனி அறை. ஊசிகள் முடிவதற்குள் குட்டி பல் பதித்தாலோ கீறினாலோ ‘பால் பல்தானே’ என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம்.

உண்ணிக் காய்ச்சல் மூன்று வகைக்கும் பொது என்றாலும், தெருவிலிருந்து வரும் குட்டி அதைச் சுமந்தே வரும். காதுக்குள், விரலிடுக்கில் தேடுங்கள். ஈறு வெளுத்து, சாப்பிடாமல் கிடந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால் ரத்தப் பரிசோதனை. மாதாமாதம் எடைக்கேற்ற உண்ணி மாத்திரை கொடுங்கள், சுவர் விரிசலைப் பூசுங்கள். உண்ணியின் வாழ்க்கையில் பெரும்பகுதி நாய்மேல் இல்லை, அங்கேதான். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து நாய்மேல் ஊற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

இன்னொரு விஷயம் அளவு. கைக்குள் அடங்கும் குட்டி பத்து மாதத்தில் பதினெட்டுக் கிலோ ஆகி, ஐந்தடிச் சுவரைத் தாண்டும். காலை மாலை முக்கால் மணி நேரம் ஓடவிடாவிட்டால் செருப்பு, மிதியடி, சோபா நுரை என்று வரிசையாகப் போகும். வெளியே போனால் தெரு நாய்க் கூட்டத்தோடு சண்டை நிச்சயம். குட்டி வளர்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: உங்கள் தெருவிலேயே, ஒரு காது நுனி வெட்டிய, அதாவது கருத்தடை முடிந்த, இரண்டு வயது நாய். அதன் குணம் முழுக்க வெளியே தெரிந்துவிட்டது. பிள்ளைகளிடம் எப்படி, பூனையிடம் எப்படி என்று பார்த்தே எடுக்கலாம். டாஷண்டிலும் ஸ்பிட்ஸிலும் இந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

## யாருக்கு எது

தரைத்தளம், பகலில் பெரியவர் துணை, சின்னப் பிள்ளைகள் இல்லை, ஆபரேஷனுக்கென்று ஒரு தொகை தனியே: டாஷண்ட். மாடி போர்ஷன், நடக்க நேரம் குறைவு, சீவ ஆள் உண்டு, ஏ.சி. அல்லது நல்ல காற்றோட்டம்: ஸ்பிட்ஸ். காம்பவுண்டு வீடு, ஓடவைக்க ஆள், காவலும் வேண்டும்: நாட்டு நாய். இருவரும் வேலைக்குப் போய் நாய் பத்து மணி நேரம் பூட்டின வீட்டில் கிடக்கும் என்றால், குட்டி மட்டும் வேண்டாம், எந்த வகையிலும். அந்த வீட்டுக்கு மேலே சொன்ன வளர்ந்த நாய் பொருந்தலாம், அதுவும் நடுவில் ஒருவர் வந்து பார்த்தால்.

மாடி வீட்டில் டாஷண்டே வேண்டும் என்றால், எட்டு கிலோ அரிசிப் பையை ஒரு வாரம் தினமும் நாலு தடவை படியில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். ஏழாம் நாளும் அலுக்கவில்லையென்றால் வாங்கலாம்.

## டாஷண்ட் குட்டி பார்க்கப் போகும்போது

தாய் நாயை நடக்கவிட்டுப் பாருங்கள், பின்கால் தடுமாறக் கூடாது. தாய், தகப்பன், முன் ஈற்றுக் குட்டிகள் யாருக்காவது முதுகு விழுந்ததா என்று கேளுங்கள். ஐந்து வயதைத் தாண்டி நன்றாக ஓடும் தகப்பன் நல்ல அடையாளம். திட்டுத்திட்டாகப் பளிங்கு நிறக் குட்டி அழகுதான், ஆனால் தாய் தகப்பன் இரண்டுமே அந்த நிறமென்றால் குட்டிகளில் சிலவற்றுக்குக் கண்ணோ காதோ பழுதாகப் பிறக்கும். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்ப வேண்டும். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருப்பதாகச் சொன்னால் மைக்ரோசிப் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். பேப்பர் வம்சத்தைச் சொல்லும், முதுகைச் சொல்லாது. குட்டிக்கு 56 நாள் ஆகியிருக்க வேண்டும். முப்பத்தைந்தாம் நாளே, “இப்பவே எடுத்துக்கினு போங்க, அப்புறம் கிடைக்காது” என்று அவசரப்படுத்தினால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மடியிலிருக்கும் குட்டியைத் தாயிடம் இறக்கிவிட்டு வாருங்கள்.